எந்த நாய் பன்றிக்கு நிற்கும்?

வாசகர் கேள்விகள் – கால்நடை மருத்துவர் பதில்கள்

கிழக்கு டெக்சாஸில் வைத்தியம் பார்க்கிற எனக்கு, மாட்டுக்கும் குதிரைக்கும் அடுத்தபடியாக அதிகம் வருவது பன்றி வேட்டை நாய்கள்தான். போன இதழில் காட்டுப்பன்றிகள் வேலியைப் பெயர்ப்பது பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் எல்லாமே நாயைப் பற்றி! அதனால் இந்த மாதம் முழுக்க அதற்கே.

கேள்வி: ஹியூஸ்டனுக்கு வடக்கே 20 ஏக்கர் வாங்கியிருக்கிறோம். ராத்திரியில் பன்றிக் கூட்டம் வந்து புல்தரையை உழுது போட்டுவிட்டுப் போகிறது. பன்றி வேட்டைக்குச் சிறந்த நாய் இனம் எது?

இனம் அப்புறம். முதலில் நிலம். 20 ஏக்கர் என்பது நாய்க்கு ஒரு மூச்சு ஓட்டம். உங்கள் வேலி எங்கே முடிகிறது என்று பன்றிக்கும் தெரியாது, அதைத் துரத்துகிற நாய்க்கும் தெரியாது. 2019 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு காட்டுப்பன்றியை வேட்டையாட லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் அந்தச் சம்மதம் ஒவ்வொரு நிலத்துக்கும் தனித்தனி. உங்கள் நாய் பக்கத்து நிலத்தில் போய்ப் பன்றியை மறித்து நின்றால், நீங்கள் அங்கே கால் வைக்க அந்த உரிமையாளர் சம்மதித்திருக்க வேண்டும். சுற்றியுள்ள நான்கைந்து நிலக்காரர்களிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள முடியாவிட்டால், நாய் வாங்கவே வேண்டாம் என்பேன்.

இன்னொன்று. புல்தரையை உழுவது பெரும்பாலும் பெட்டைகளும் குட்டிகளும் சேர்ந்த கூட்டம். அதற்கு நாயைவிடப் பெரிய கூண்டுப் பொறி நல்லது. மொத்தக் கூட்டமும் உள்ளே வரும்வரை பொறுத்திருந்து கதவை விழவைக்க வேண்டும். பாதியைப் பிடித்துவிட்டு மீதியை வெளியே விட்டால், அந்த மீதி இனி கூண்டுப் பக்கமே வராது. நாய்க்கு வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது: கூண்டைப் பார்த்தால் ஒதுங்கிப்போகிற கிழட்டு ஆண் பன்றி, தப்பிப்போன பெட்டை, இவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க.

சரி, நாய் வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். வேலை இரண்டு வகை. ஒன்று, பன்றியைத் தேடிக் கண்டுபிடித்து ஓடவிடாமல் மறித்துக் குரைத்து நிற்கிற நாய். இங்கே அதை பே டாக் என்பார்கள். இன்னொன்று, ஆள் வந்து சேரும்வரை கயிற்றிலேயே இருந்து, கடைசி நேரத்தில் அவிழ்த்துவிட்டதும் பன்றியின் காதைக் கவ்விப் பிடிக்கிற நாய். அது கேட்ச் டாக். முதல் வேலைக்குக் கட்டஹூலா, பிளாக் மவுத் கர், புளூ லேசி, பிளாட் ஹவுண்ட் போன்றவை. இரண்டாவது வேலைக்கு அமெரிக்கன் புல்டாக், பிட்புல், டோகோ அர்ஜென்டினோ. இரண்டையும் ஒரே நாய் செய்யும் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். அந்த நாய் மறித்து நிற்க வேண்டிய நேரத்தில் பாய்ந்து பிடிக்கும், அடுத்த வாரம் என் மேசையில் கிடக்கும்.

உங்கள் நிலத்துக்கு நான் சொல்வது கர் வகை, அதாவது முதல் வேலைக்கு நான் சொன்னவற்றில் ஹவுண்ட் தவிர மற்றவை. அவை பெரும்பாலும் மோப்பத்தில் போகும்போது வாய் திறக்காது. பன்றியைக் கண்ட பிறகுதான் குரைக்கும். ஹவுண்டுகள் தடம் பிடித்த நொடியிலிருந்து ஊளையிட்டுக்கொண்டே போகும். கேட்க அருமையாக இருக்கும், ஆனால் பன்றிக்கும் கேட்கும். அது ஒரு மைல் முன்னாலேயே கிளம்பிவிடும். ஆற்றோரக் காடு ஆயிரக்கணக்கான ஏக்கர் உள்ளவர்களுக்கு அது பரவாயில்லை. உங்களுக்கு வேண்டியது சில நூறு கஜத்துக்குள் தேடிவிட்டு, ஒன்றும் இல்லையென்றால் திரும்பி உங்களிடம் வருகிற நாய். விற்பவரிடம் "எவ்வளவு தூரம் போகும்?" என்பதோடு "எப்போது திரும்பி வரும்?" என்றும் கேளுங்கள். கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை இல்லாமல் எந்த நாயையும் அவிழ்க்காதீர்கள்.

கேள்வி: கட்டஹூலா குட்டி பார்க்கப் போயிருந்தேன். "இது சுத்தமான மெக்மில்லின் ரத்தம்" என்று விற்பவர் பெடிக்ரீ தாளை, அதாவது வம்சாவளிச் சீட்டை நீட்டினார். வம்சத்தை நம்பி வாங்கலாமா?

தாள் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கட்டஹூலாவில் பழைய ஆட்கள் மூன்று வம்சங்களைச் சொல்வார்கள். பிரெஸ்டன் ரைட் வளர்த்தவை பெரிய நாய்கள், 90 முதல் 110 பவுண்டு. லவி ஃபேர்பேங்க்ஸ் வளர்த்தவை 65–75 பவுண்டு, வரிப்புலி நிறத்திலிருந்து மஞ்சள் வரை. டி. ஏ. மெக்மில்லின் வளர்த்தவை 50–60 பவுண்டு, நீல நிறம், கண்ணாடிக் கண் (அதாவது வெளிர்நீலக் கண்). இந்த மூன்றையும் பின்னால் வந்தவர்கள் நன்றாகக் கலந்துவிட்டார்கள். லூசியானா கட்டஹூலாக்களுக்கான தேசியச் சங்கம் 1977-இல் அமைந்தது, 1979-இல் அந்த நாய் லூசியானாவின் மாநில நாயாகவும் ஆனது. இன்றைக்குப் பிறக்கிற குட்டியில் இந்த வம்சம், அந்த வம்சம் என்று சுத்தமாகப் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

கணக்கைப் பாருங்கள். ஐந்து தலைமுறைக்கு முந்தைய ஒரு நாயின் பங்கு, இன்றைய குட்டியில் சராசரியாக 32-இல் 1. ஆறாவது தலைமுறை என்றால் 64-இல் 1. தாளின் கடைசி வரிசையில் இருக்கிற பெரிய பெயருக்காகப் பணம் கொடுக்கிறீர்கள் என்றால், மூன்று சதவீதத்துக்கோ அதற்கும் குறைவானதற்கோ கொடுக்கிறீர்கள். பாதி தாய், பாதி தகப்பன். அவை இரண்டும் இன்று உயிரோடு, பெரும்பாலும் அதே கொட்டடியில் இருக்கின்றன. அவற்றைப் போய்ப் பார்க்காமல் தாளைப் பார்ப்பானேன்?

நான் குட்டியைப் பார்ப்பதற்கு முன் தாயைத்தான் பார்ப்பேன். முடிந்தால் காட்டில், பன்றி முன்னால். நல்ல பெட்டை பன்றியின் முகத்துக்கு நாலடி தள்ளி நின்று, தலையைத் தாழ்த்தி, விடாமல் குரைக்கும். பன்றி பாய்ந்தால் நேராகப் பின்வாங்காது, பக்கவாட்டில் விலகும். பன்றி திரும்பி ஓட எத்தனித்தால் சட்டென்று போய்ப் பின்தொடையில் ஒரு கடி கடிக்கும். வலியில் பன்றி சுழன்று திரும்பும்போது நாய் அங்கே இருக்காது, மறுபடி நாலடி தள்ளி நிற்கும். இரண்டு மூன்று முறை இப்படி நடந்ததும் பன்றி ஓடுவதை விட்டுவிட்டு ஒரு மரத்திலோ புதரிலோ முதுகைக் கொடுத்து நின்றுவிடும். எப்போது கடிக்க வேண்டும், எப்போது விலக வேண்டும் என்கிற அந்தக் கணிப்பு சொல்லிக்கொடுத்து வருவதில்லை. அதுதான் ரத்தத்தில் வருவது. நிறமும் கண்ணும் அல்ல.

காட்டில் பார்க்க முடியாவிட்டால் கையால் பாருங்கள். தாயின் மார்பு, கழுத்து, அக்குள், வயிறு இவற்றில் விரலை ஓட்டுங்கள். வேட்டை நாய்க்கு நாலைந்து தழும்பு இருக்கும், அதில் தப்பில்லை. உடம்பு பூராவும் தையல் தடம் என்றால் அதற்குத் துணிச்சல் இருக்கிறது, புத்தி இல்லை. ஒரு தழும்பும் இல்லை, ஐந்து வருஷமாக வேட்டையில் இருக்கிறது என்று சொன்னால், அது நிஜமாகவே காட்டுக்குப் போகிறதா என்று விசாரியுங்கள். எட்டு வயதிலும் வேட்டைக்குப் போய் நடந்தே வீடு திரும்புகிற பெட்டை இருந்தால், அதன் குட்டிக்கு வரிசையில் நில்லுங்கள்.

அடுத்து, முந்தைய ஈத்தைப் பற்றிக் கேளுங்கள். "போன ஈத்தில் எத்தனை குட்டி? அவை இப்போது எங்கே? எத்தனை வேட்டைக்கு நின்றன?" எட்டில் ஒன்று சூரனாக வந்திருந்தால் அந்த ஒன்றின் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். மீதி ஏழு குட்டிகளைப் பற்றிச் சொல்ல வைக்க வேண்டும். எட்டில் ஆறு, சூரன் இல்லாவிட்டாலும் ஒழுங்காக வேலை செய்கிறது என்றால் அதுதான் வம்சம். நீங்கள் வாங்குவது அந்த எட்டில் எது என்று உங்களுக்குத் தெரியாது, இல்லையா?

கடைசியாக, தாளில் ஒரே பெயர் தாய்வழியிலும் தகப்பன்வழியிலும் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். குணத்தை நிலைப்படுத்த ஒரே வம்சத்துக்குள் சேர்ப்பது பழைய வழக்கம்தான், நான் அதற்கு எதிரி அல்ல. ஆனால் உடன்பிறந்தவற்றையோ தாய்–மகனையோ சேர்த்தால் குட்டியின் உள்ளினக் கலப்பு 25 சதவீதம். பாட்டன்–பேத்தி என்றால் 12.5. இது தலைமுறைக்குத் தலைமுறை கூடினால் ஈத்து சிறுக்கும், குட்டிகள் நோஞ்சானாகும். அப்படிப்பட்ட கொட்டடியில் அடுத்த சேர்க்கைக்கு வெளி ரத்தம் எங்கிருந்து கொண்டுவரப் போகிறீர்கள் என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்பவர் நல்ல வளர்ப்பாளர்.

கேள்வி: அதே கட்டஹூலா ஈத்தில் முக்கால்வாசி வெள்ளையாக, இரண்டு கண்ணும் வெளிர்நீலமாக ஒரு குட்டி. சும்மாவே தருகிறேன் என்கிறார் வளர்ப்பாளர். அழகாக இருக்கிறது. எடுக்கலாமா?

வேட்டைக்கு வேண்டாம். தாய், தகப்பன் இரண்டுமே புள்ளி நிறம், அதாவது மெர்ல், என்றால் சராசரியாக நாலு குட்டியில் ஒன்றுக்கு அந்த மரபணு இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். அப்படி வந்த குட்டிகளில் பல வெள்ளை ஓடிப் பிறக்கும், காது கேளாமல் போகும், கண்ணிலும் கோளாறு இருக்கும். வெள்ளையாக இருப்பதெல்லாம் செவிடு என்று அர்த்தமில்லை. பேயர் என்று ஒரு பரிசோதனை இருக்கிறது, ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாகச் சொல்லிவிடும். ஒற்றைக் காது கேட்காத நாய்க்குக்கூடச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கணிப்பது சிரமம். நீங்கள் கூப்பிடுவது எங்கிருந்து, பன்றி புதரில் அசைவது எங்கே என்று தெரியாத நாயை அடர்காட்டில் விடுவது கொடுமை. வீட்டில் வைத்துப் பாசமாக வளர்க்க மனம் இருந்தால் தாராளமாக எடுங்கள், அது நல்ல துணையாக இருக்கும். அதோடு இரண்டு மெர்லைச் சேர்க்கிற அந்த வளர்ப்பாளரிடம் வேறு குட்டியும் வாங்காதீர்கள்.

கேள்வி: எனக்கு மறித்துக் குரைக்கிற நாய் பிடிக்கவில்லை. நேராகப் போய்ப் பிடிக்கிற முரட்டு நாய்தான் வேண்டும். டோகோவா, அமெரிக்கன் புல்டாகா?

டோகோவை அர்ஜென்டினாவின் கோர்டோபாவில் 1920-களின் கடைசியில் அன்டோனியோ நோரெஸ் மார்ட்டினெஸ் உருவாக்க ஆரம்பித்தார். பெரிய விலங்கு வேட்டைக்கென்றே, பல இனங்களைக் கலந்து. மூக்கும் உண்டு, பிடியும் உண்டு. வெள்ளை நாய் என்பதால் இதிலும் செவிட்டுத்தன்மை வருகிறது, காதுப் பரிசோதனைச் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். அமெரிக்கன் புல்டாகில் ஜான் டி. ஜான்சன் வம்சம், ஆலன் ஸ்காட் வம்சம் என்று இரண்டு. ஜான்சன் நாய்கள் கனமானவை, அகன்ற தலை, குட்டை மூக்கு. ஸ்காட் நாய்கள் கொஞ்சம் மெலிந்தவை, மூக்கு நீளம், ஓட்டம் நன்று. டெக்சாஸ் வெயிலில் எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். குட்டை மூக்கு நாய்க்கு மூச்சிரைத்துச் சூட்டை வெளியேற்றும் வசதி குறைவு. பன்றியால் செத்த நாய்களைப் பார்த்திருக்கிறேன், பிடித்து முடித்த பிறகு வெப்பத்தில் விழுந்து செத்த நாய்களையும் பார்த்திருக்கிறேன். உடம்புச் சூடு 106 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. தண்ணீரை ஊற்றிக் காற்றோட்டத்தில் வையுங்கள், அப்படியே வண்டியை எடுங்கள்.

ஆனால் உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்துவது 'நேராகப் போய்' என்பது. ஆண் பன்றியின் கீழ்க் கோரைப்பல்லை மேல் கோரைப்பல் ஒவ்வொரு தடவை வாய் அசையும்போதும் தீட்டிக்கொண்டே இருக்கிறது. தலையைத் தாழ்த்தி மேல்நோக்கி ஒரே வீச்சு. காயம் பெரும்பாலும் கழுத்து, மார்பு, அக்குள். வெளியே பார்த்தால் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை, ரத்தம்கூட அதிகமிருக்காது. "டாக்டர், சின்ன காயம்தான், ரெண்டு தையல் போட்டால் போதும்" என்பார்கள். கையுறை போட்டு விரலை விட்டால் தோலுக்கும் சதைக்கும் நடுவே விரல் போய்க்கொண்டே இருக்கும், உள்ளங்கை அகலத்துக்குப் பை மாதிரி கிழிந்திருக்கும், உள்ளே முடியும் மண்ணும். சுற்றியுள்ள தோலை அழுத்தினால் மொறுமொறுவென்று காற்று நகர்வது தெரியும். வெளி ஓட்டையை மட்டும் தைத்து அனுப்பினால் மூன்றாம் நாள் சீழ் கட்டிக் காய்ச்சலோடு வரும். மூச்சு வேகமாக இருந்தால் நெஞ்சுக்கூட்டுக்குள் போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

அதனால் பிடிநாய் என்ன வம்சமானாலும் கயிற்றில் கட்டியே கொண்டுவாருங்கள். மறிக்கும் நாய் பன்றியை நிறுத்திய பிறகு, நீங்கள் பக்கத்தில் போன பிறகு, கழுத்துப் பட்டையும் மார்புக் கவசமும் மாட்டிய பிறகு அவிழ்த்துவிடுங்கள். நாய் காதைப் பிடித்ததும் மனிதன் பின்னங்காலைப் பிடித்து வேலையைச் சீக்கிரம் முடிக்க வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தை அரை நிமிஷமாக்குவது உங்கள் கடமை, நாய்க்கும் சரி, பன்றிக்கும் சரி. அடைத்த பட்டியில் பன்றியையும் நாயையும் விட்டு வேடிக்கை பார்க்கிற 'போட்டி'க்காகத்தான் முரட்டு நாய் தேடுகிறீர்கள் என்றால் என்னிடம் பதில் இல்லை. லூசியானா 2004-இலேயே அதைக் குற்றமாக்கிவிட்டது, வேறு பல மாநிலங்களும்தான்.

கேள்வி: நம் ராஜபாளையம் நாய் பன்றி வேட்டைக்குப் பெயர்போனதாமே? இங்கே கொண்டுவந்து பழக்கினால் என்ன?

படிக்கும்போதே மனசு நிறைகிறது. ஆமாம், பன்றிக்குப் பெயர்போன நாய்தான். 2005-இல் இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட நாய்த் தபால்தலைகளிலும் இடம்பிடித்தது. ஆனால் அது கண்ணால் பார்த்துத் துரத்துகிற நாய், நீண்ட கால், திறந்த வெளிக்கு ஏற்ற உடம்பு. இங்கே பன்றி பகலில் படுத்திருப்பது மனிதன் குனிந்துகூட நுழைய முடியாத முட்புதரில். அங்கே வேண்டியது மூக்கு. தோலும் மெலிசு, முள்ளே பாதிக் காயத்தைச் செய்துவிடும். வெள்ளை நிறத்தோடு செவிட்டுப் பிரச்சினை இதிலும் உண்டு. ஊரில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததிலிருந்து காட்டுப்பன்றியைத் தோன்றியபடி வேட்டையாட முடியாது. அதனால் இன்று விற்கிற ராஜபாளையத்தின் தாயோ தகப்பனோ பன்றி முன்னால் நின்றதா என்று பார்க்க வழியில்லை. மேலே கட்டஹூலாவுக்கு நான் சொன்ன அத்தனை சோதனையும் இங்கே அடிபட்டுப்போகிறது. ராஜபாளையத்தை ராஜபாளையமாகவே காப்பாற்றுங்கள், வீட்டுக் காவலுக்கு அதைவிட நல்ல நாய் ஏது?

கேள்வி: குட்டியை எந்த வயதில் பன்றிக்கு விடலாம்?

பால்பல் விழுந்து நிரந்தரப் பல் வந்து முடிய ஆறு ஏழு மாதம் ஆகும். அதுவரை காடு, தண்ணீர், வண்டிச் சத்தம், துப்பாக்கிச் சத்தம் பழகட்டும், கூப்பிட்டால் வரட்டும். அப்புறம் விவரமான வயதான நாயோடு சேர்த்துச் சின்னப் பன்றிகளிடம் விடுங்கள். ஒரு வயதாகும்முன் பெரிய ஆண் பன்றியிடம் விட்டால் நல்ல வம்சத்துக் குட்டிகூட ஒரே அடியில் பயந்து, அதன்பின் எழும்பாமலே போகும்.

கேள்வி: வேட்டை முடிந்ததும் நாய்களுக்குப் பன்றியின் ஈரல், குடல் போடுகிறோம். நல்லதுதானே?

இன்றைக்கே நிறுத்துங்கள். காட்டுப்பன்றி சுமக்கிற ஆஜெஸ்கி நோய்க் கிருமிக்கு நாயிடம் எதிர்ப்பே கிடையாது. முகத்தைப் பிய்த்துக்கொள்கிற அளவுக்கு அரிப்பு, எச்சில் ஒழுகல், ஓரிரு நாளில் சாவு. நாய்க்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. கடிக்கும்போதே தொற்ற வாய்ப்பு உண்டு, பச்சை இறைச்சி போட்டால் அந்த வாய்ப்பு இன்னும் பெரிது.

அடுத்தது புரூசெல்லா சூயிஸ் என்கிற பன்றி வகைப் பாக்டீரியா. இது மனிதர்களுக்கும் வரும், ஆகவே அறுக்கும்போது கையுறை போடுங்கள். நாயைச் சேர்க்கைக்கு விடுபவர்கள் கவனியுங்கள்: நாய்களுக்கு வழக்கமாகச் செய்கிற புரூசெல்லா பரிசோதனை நாய் வகைக் கிருமியைத் தேடுவது. பன்றி வகை அதில் சிக்காது. "இந்த நாய் பன்றி வேட்டைக்குப் போகிறது" என்று மருத்துவரிடம் சொல்லி, தனிப் பரிசோதனை கேட்டு வாங்குங்கள். விதை வீங்கிய ஆண், குறைமாதத்தில் குட்டி போட்ட பெட்டை, காரணமில்லாத முதுகுவலி, இவற்றில் எது இருந்தாலும் அந்த நாயைச் சேர்க்கைக்கு விடாதீர்கள். எவ்வளவு பேர்போன வம்சமானாலும் சரி.

கேள்வி: குட்டி வாங்கி வளர்க்கப் பொறுமை இல்லை. பழக்கி முடித்த நாயே வாங்கலாமா?

முதல் நாய்க்கு அதுதான் சரி. குட்டிக்குக் கற்றுக்கொடுப்பதே மூத்த நாய்தான், உங்களிடம் அது இல்லையே. நாலு வயதுக்குள் உள்ள, மறிக்கும் பெட்டை நாயாகப் பாருங்கள். விற்பவரின் காட்டில் மட்டும் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். அங்கே ஒவ்வொரு பன்றித் தடமும் அதற்கு மனப்பாடம், கூடவே அதன் கூட்டாளி நாய்களும் இருக்கும். உங்கள் நிலத்தில், தனியாக, இரண்டு மூன்று இரவு விட்டுப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். முன்பணம் கொடுத்து, தடுப்பூசிச் சீட்டையும் பரிசோதனை முடிவுகளையும் வாங்கிக்கொண்டு, திருப்பிக் கொடுக்கும் நாளை எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த நாய் புது இடத்தில் முதல் இரவு மிரண்டால் மன்னித்துவிடுங்கள். மூன்றாவது இரவும் உங்கள் காலடியிலேயே நின்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.